பகிர்ந்த ஃபோல்டருக்கு எந்தக் கணக்கு: மைக்ரோசாஃப்ட்டா, தனி லோக்கலா?

"பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ளே விடமாட்டேங்குது." விண்டோஸில் ஃபோல்டரைப் பகிரும் வீடுகளில் இதுதான் வழக்கமான புலம்பல். நெட்வொர்க் 'ப்ரைவேட்' என்று இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், அதை விடுவோம்.

பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைத்துவிடலாம் என்பார் சிலர். மாடியில் குடியிருப்பவரும் அதே வைஃபையில் இருந்தால், நெல் கணக்கும் நகைக்கடன் ரசீதும் அவர் பார்வைக்கும் போகும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில், கெஸ்ட் இணைப்பை (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவதை) இயல்பாக ஏற்பதும் இல்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் வம்பே பின் நம்பர்தான். அது அந்த ஒரு கணினிக்கு மட்டும்; நெட்வொர்க் வழியே செல்லாது. பயனர் பெயராக முழு மின்னஞ்சலையும், கூடவே கணக்கின் உண்மையான பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். இணையத்தில் பாஸ்வேர்டை மாற்றினால், பகிரும் கணினியில் ஒருமுறையாவது புதியதைப் போட்டு நுழைய வேண்டும். பிறகு மற்ற கணினிகளிலும் மாற்ற வேண்டும். பராமரிப்பில் இது தோற்கும் இடம் இதுவே.

என் ஓட்டு தனி லோக்கல் கணக்குக்கு, அதாவது பகிரும் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்குக்கு. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேருங்கள். பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள். காலிப் பாஸ்வேர்டை விண்டோஸ் நெட்வொர்க்கில் ஏற்காது. ஃபோல்டரின் ப்ராபர்ட்டீஸில் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' தாவல்கள் இரண்டிலும் அந்தப் பெயரைச் சேர்க்க வேண்டும்: இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும். 'ஷேரிங்'கில் மட்டும் சேர்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்களே அதிகம். நுழையும்போது கணினிப்பெயர்\பயனர் என்று முழுதாக அடியுங்கள். அதன்பின் கணினிக்குச் சொந்தக்காரர் தன் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பகிர்வு அசையாது. மேக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. இது விண்டோஸுக்குச் சொல்வது.

எந்தக் கணக்கானாலும் பொறி ஒன்று உண்டு. சேமித்த பாஸ்வேர்டை விண்டோஸ் முகவரியோடு சேர்த்தே வைக்கிறது. ஐபி எண்ணைப் (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி) போட்டு இணைத்திருந்து, ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்து, ரூட்டர் வேறு ஐபி கொடுத்துவிட்டால், சேமித்தது பயன்படாமல் மறுபடி கேட்கும். எப்போதும் அதே எண் கிடைக்க, ரூட்டரில் பகிரும் கணினிக்கு ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். 1219 என்ற பிழை வந்தால், அதே கணினிக்கு ஏற்கெனவே வேறு பெயரில் இணைப்பு இருக்கிறது. 'நெட் யூஸ்' கட்டளையால் அதைத் துண்டித்து, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை நீக்குங்கள்.

கும்பகோணம், மாயவரம் பக்கத்து நீள வீடுகளில் ரேழியில் ஒரு ரூட்டர், சிக்னல் எட்டாத கொல்லைப்பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டாவது 192.168.0 வரிசையில் தனியாக முகவரி கொடுத்தால், அதற்குப் பின்னால் இருக்கும் கணினியைக் கூடத்து லேப்டாப் எட்டவே முடியாது. பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வராவிட்டால் கணக்கைத் தோண்டாமல் இதைப் பாருங்கள்: இரண்டாவது ரூட்டரை, தானே முகவரி கொடுக்காத ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் போதும்.