போக்கோ எஃப்1இல் லீனியேஜ்ஓஎஸ்: ஏழு நாள் காத்திருப்பு, ஒரு மணிநேர வேலை

2018 ஓகஸ்டில் வந்த போக்கோ எஃப்1 இன்னும் செத்துப்போகிற போன் இல்லை. ஸ்னாப்டிராகன் 845, 6 அல்லது 8 ஜிபி ரம், 4000 எம்ஏஎச் பெட்டரி. இன்று கடையில் புதிதாக விற்கும் மலிவு செட்டுகள் பலவற்றைவிட இதற்கு வேகம் அதிகம். செத்தது அதன் மென்பொருள்தான். அண்ட்ரொய்ட் 8.1இல் வந்து, தயாரிப்பாளரான ஷாவ்மி அண்ட்ரொய்டின் மேல் போடும் தன் மென்பொருளான மியூஐயின் கடைசிப் பதிப்பு 12இல், அண்ட்ரொய்ட் 10ஓடு நின்றுவிட்டது. 'சிஸ்டம் அப்டேட்' பக்கத்தை எத்தனை தரம் தட்டினாலும் இனி ஒன்றும் வராது. வேண்டுமென்றால் நாமாக ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றக்கூடியவற்றில் நம்பி வைத்திருக்கலாம் என்று சொல்லத்தக்கது லீனியேஜ்ஓஎஸ் என்ற, அண்ட்ரொய்டிலிருந்து செய்த இயங்குதளம்.

சயனோஜன்மொட் என்ற இதேபோன்ற பழைய இயங்குதளம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதே மூல நிரலிலிருந்து தன்னார்வலர்கள் தொடங்கியது இது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: லீனியேஜ் 20 என்றால் அண்ட்ரொய்ட் 13, 21 என்றால் 14, 22 என்றால் 15. போக்கோ எஃப்1இன் குறிப்பெயர் 'பெரிலியம்'. கோப்பு இறக்கும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'உங்கள் போனுக்கும் சரிவரும்' என்று டெலிகிராம் குழுவில் யாரோ போடும் ஸிப் கோப்பு வேறு சாமான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் இரண்டாவது போனாக, பிள்ளையின் சூம் வகுப்புக்கு, அம்மாவின் வட்ஸ்அப்புக்கு, கடைக் கணக்குக்கு என்றால் தயங்காமல் ஏற்றலாம். வங்கி அப் ஓடும் ஒரே போன் அதுதான் என்றால் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

வேலையில் கஷ்டமான பகுதி ஏற்றுவது அல்ல, பூட்லோடரைத் திறப்பது, அதாவது வேறு மென்பொருளை உள்ளே விடாத போனின் தொடக்கப் பூட்டை நீக்குவது. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய் மியூஐ பதிப்பை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் 'ஓஈஎம் அன்லொக்கிங்' என்பதை ஒன் பண்ணி, பிறகு 'மி அன்லொக் ஸ்டேடஸ்' பக்கத்துக்குப் போங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வைஃபையை நிறுத்திவிட்டு, சிம் டேட்டாவில் இருந்துகொண்டுதான் உங்கள் மி கணக்கைச் சேர்க்க வேண்டும். வைஃபையில் இருந்தபடி அழுத்தினால் பிழைச் செய்திதான் வரும். சேர்த்த பிறகு கணினியில் மி அன்லொக் டூலை ஓட்டினால் பெரும்பாலும் 168 மணிநேரம் காத்திருக்கச் சொல்லும். ஏழு நாள். அந்த ஏழு நாளும் போனைச் சாதாரணமாகப் பாவியுங்கள். பொறுமையில்லாமல் 'கணக்கைச் சேர்' என்பதைத் திரும்ப அழுத்தினால் அந்த ஏழு நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 'ஒரு மணித்தியாலத்தில் அன்லொக் பண்ணித் தாறன்' என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

திறக்கும் கணத்தில் போனில் உள்ளதெல்லாம் அழியும். படம், குரல்பதிவு, தொடர்பு எண், ஒன்றும் மிஞ்சாது. வட்ஸ்அப்பின் காப்புப் பிரதியை (பக்கப்) கூகுள் டிரைவில் எடுத்து, எடுத்த திகதியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. 'தானாக எடுக்கும்' என்று நம்பியிருந்து பார்த்தால், கடைசி பக்கப் போன பெருநாளோடு நின்றிருக்கும்.

அடுத்தது கேபிளும் போர்ட்டும். நமது கிழக்கிலங்கைக் கரையோரத்தில் இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் பக்கத்தில் வருஷக்கணக்கில் கிடந்த போனின் டைப்-சி போர்ட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்பு ஏறிவிட்டது. அப்படியான போன் சார்ஜ் ஏறும், ஆனால் கணினிக்குத் தெரியாது. மின் செல்லும் பின்கள் வேறு, தரவு செல்லும் பின்கள் வேறு. சார்ஜ் ஏறுவதை வைத்து போர்ட் நல்லது என்று முடிவெடுக்காதீர்கள். போனை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் சார்ஜிங் போர்ட் இருக்கும் சின்ன போர்டை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. பாதி ஏற்றும்போது இணைப்பு அறுந்தால் வரும் தலையிடி அந்தச் செலவைவிடப் பெரிது. கேபிளும் அப்படித்தான்: தெருக் கடையில் வாங்கும் மலிவுக் கேபிள்களில் சிலது சார்ஜுக்கு மட்டும். கோப்பு மாற்ற முடிகிற கேபிளா என்று முதலில் ஒரு படத்தைக் கணினிக்கு அனுப்பிச் சரிபாருங்கள்.

கணினிப் பக்கத்தில் கூகுளின் பிளட்ஃபோர்ம் டூல்ஸ் மட்டும் போதும். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியும் ஃபாஸ்ட்பூட்டும் அதற்குள் இருக்கின்றன. விண்டோஸில், போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோன பிறகு டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'அண்ட்ரொய்ட்' என்று நின்றால் டிரைவர் இல்லை. கூகுள் யூஎஸ்பி டிரைவரை இறக்கி, 'அண்ட்ரொய்ட் பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' என்பதைக் கையால் தெரிவு செய்யுங்கள். இன்னொரு விசித்திரம்: ரைசன் கணினிகளில் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகினால், ஃபாஸ்ட்பூட் கொமாண்ட் கொடுத்தவுடன் போன் திரை கறுத்து 'பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்' என்று சின்ன எழுத்தில் காட்டும். போன் பழுதில்லை. யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு பழைய யூஎஸ்பி ஹப்பை வையுங்கள். சரியாகிவிடும்.

கோப்புகள் மூன்று: லீனியேஜ் ஸிப், அதே பக்கத்திலுள்ள ரிகவரி (மென்பொருளை ஏற்றப் பயன்படும் சின்ன நிரல்), கூகுள் அப்கள் வேண்டுமென்றால் அவை அடங்கிய மைண்ட் த காப்ஸ் என்ற தொகுப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபியைத் தாண்டும், ஆகவே இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில், கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை இறக்கிய பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் 'சேர்ட்யூட்டில்' கொமாண்ட் அதைக் கணக்கிட்டுத் தரும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இறக்கிய கோப்பு முழு அளவில் தெரிந்தாலும் உள்ளே கெட்டிருக்கலாம். காப்ஸில் ஏஆர்எம்64 பதிப்புத்தான், அண்ட்ரொய்ட் எண்ணும் லீனியேஜோடு பொருந்த வேண்டும். 14க்கானதை 15இல் ஏற்றினால் முதல் திரையிலேயே 'செட்டப் விசார்ட் நின்றுவிட்டது' என்று திரும்பத் திரும்ப வரும்.

பெட்டரி குறைந்தது 60 சதவீதம். மழைக்காலம், கார்த்திகை மார்கழியில் என்றால் யூபிஎஸ்ஸோ, பெட்டரி நல்லாயிருக்கிற மடிக்கணினியோ இருக்க வேண்டும். மேசைக் கணினியை நம்பித் தொடங்கி, நடுவில் கரண்ட் போவது இங்கே அதிசயம் இல்லை.

இனி ஏற்றுதல். போனில் கடைசி மியூஐ 12 இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் முதலில் அதற்குப் போங்கள், ஏனென்றால் மோடம், புளூடூத் போன்ற பாகங்களை இயக்கும் உள் மென்பொருள் (ஃபேர்ம்வெயார்) அதோடுதான் வருகிறது. அதைத் தவிர்த்து ஏற்றியவர்களுக்கு சிம் எடுக்காமல் போகும். போனை அணைத்து, சத்தம் குறைக்கும் பட்டனையும் பவரையும் பிடித்தால் முயல் படத்தோடு ஃபாஸ்ட்பூட் வரும். 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்று கொடுத்து ஒரு எண் வந்தால் தொடுப்பு உண்டு. பிறகு 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் ரிகவரி', கோப்பின் பெயர். ஒரு சில விநாடிதான். இப்போது மிக முக்கியமான அசைவு: போனைச் சாதாரணமாகத் திறக்க விடாதீர்கள். சத்தம் கூட்டும் பட்டனையும் பவரையும் பிடித்துக்கொண்டு நேரே ரிகவரிக்குள் போங்கள். ஒருமுறை மியூஐ திறந்துவிட்டால் அது தன் பழைய ரிகவரியைத் திரும்ப எழுதிவிடும். 'நான் ஏற்றினேன், காணாமல் போய்விட்டது' என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது இதுதான்.

ரிகவரிக்குள் 'ஃபக்டரி ரீசெட்', அதற்குள் 'ஃபோர்மட் டேட்டா'. பிறகு 'அப்ளை அப்டேட்', 'அப்ளை ஃப்ரொம் ஏடிபி'. கணினியில் 'ஏடிபி சைட்லோட்' கொடுத்து ஸிப்பின் பெயர். சிலவேளை கணினித் திரையில் எண் 47 சதவீதத்தில் நிற்கும். நின்றபடியே முடிந்ததாகவும் சொல்லும். பயந்துபோய் கேபிளை இழுக்காதீர்கள்! 47இல் நின்றாலும் வேலை நடந்திருக்கும். பார்க்க வேண்டியது போன் திரையில் பிழை எழுத்து வந்ததா என்பதை. அதே வழியில் காப்ஸை ஏற்றும்போது 'கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி, தொடரவா' என்று கேட்கும். 'யெஸ்' கொடுங்கள், காப்ஸ் லீனியேஜின் சாவியால் கையொப்பமிடப்படவில்லை, அவ்வளவுதான். காப்ஸ் முதல் தரம் போன் திறப்பதற்கு முன்பே போக வேண்டும். திறந்து பார்த்துவிட்டுப் பிறகு போட்டால் கோளாறு வரும், மறுபடி ஃபோர்மட்டில் இருந்து தொடங்க வேண்டும். முதல் திறப்புக்குப் பல நிமிடம் எடுக்கும். கால் மணித்தியாலம் வரை விடுங்கள்.

என்ன கிடைக்கிறது? மியூஐயின் விளம்பரமும் தேவையற்ற அப் கூட்டமும் போய், வெறும் அண்ட்ரொய்ட். 6 ஜிபி ரம் உள்ள செட்டில் வட்ஸ்அப், யூடியூப், கூகுள் மப்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் லீனியேஜின் அப்டேட்டர் வழியாகப் போனுக்கே வருகின்றன. அதற்குக் கணினி தேவையில்லை, காப்ஸும் அழியாது. ஆனால் ஒரு நேர்மையான குறிப்பு: திருத்தப்படுவது அண்ட்ரொய்ட் பகுதிதான். குவால்கொம்மின் மூடிய ஃபேர்ம்வெயார் ஷாவ்மி கைவிட்ட நாளோடு நின்றதுதான். 'முழுப் பாதுகாப்பு' என்று யாரும் சொன்னால் பாதிதான் உண்மை.

என்ன போகிறது? அகச்சிவப்புக் கமராவால் இருட்டிலும் முகத்தைப் பார்த்துத் திறக்கும் வசதி போகிறது, கைரேகை இருக்கிறது. கட்டண வீடியோத் தளங்கள் பார்க்கும் வைட்வைன் என்ற திருட்டுத் தடுப்பு, கீழ்மட்டமான எல்3க்கு இறங்கினால் 480பிக்கு மேல் தெளிவு வராது. கமரா மியூஐயின் அளவுக்கு இல்லை, அதை ஜிகேம் என்ற மாற்றுக் கமரா அப் ஓரளவு ஈடுகட்டும். 4ஜியில் குரல் அழைப்பு சிம்முக்குச் சிம் மாறும். ஏற்றிய கையோடு ஒரு அழைப்பு எடுத்து, பேசும்போது மேலே எல்டிஈ நிற்கிறதா, கீழே இறங்குகிறதா என்று பாருங்கள்.

வங்கி அப்தான் பெரிய தடை. திறந்த பூட்லோடரை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அதைக் கேட்கும் அப் உள்ளே விடாது, கேட்காத அப் விடும். எது எப்போது கேட்கத் தொடங்கும் என்பது வங்கியின் கையில். இன்று ஓடியது அடுத்த மாத அப்டேட்டோடு நிற்கலாம். பூட்லோடர் திறந்திருப்பதை மறைக்கும் கூடுதல் நிரல்கள் (மொட்யூல்கள்) உண்டு, ஆனால் சம்பளம் வரும் கணக்கை அந்தப் பூனை-எலி விளையாட்டில் வைப்பது புத்தியில்லை. ஓடிபி வரும் சிம் இதில் இருக்கட்டும், அப் வேறு போனில்.

திரும்பி மியூஐக்குப் போக மி ஃப்ளாஷ் டூல். அதன் கீழ் வலது மூலையில் 'கிளீன் ஓல் அண்ட் லொக்' என்பது தானாகத் தெரிவாகி இருக்கும். அதை 'கிளீன் ஓல்' என்று மாற்றாமல் பொத்தானை அழுத்துவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக மோசமான தவறு. சீனப் பதிப்பு வன்பொருளில் குளோபல் மென்பொருள் இருந்து பூட்டப்பட்டால் 'இந்த மியூஐ பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது' என்ற எழுத்தோடு போன் உறைந்துவிடும். இதே முறையை வேறு ரெட்மி செட்டில் செய்யும் யாருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கைமாறி வந்த சீனச் செட்டுகள் இங்கே குறைவில்லை. லீனியேஜ் இருக்கும்போது பூட்லோடரைப் பூட்டுவதும் அப்படியே. மீட்க ஈடிஎல் என்ற, குவால்கொம் சிப்பின் அவசரநிலை வழி ஒன்று உண்டு. அதற்கு அனுமதி பெற்ற மி கணக்கு வேண்டும், அதைச் சாதாரண ஆள் எடுக்க முடியாது. ரெட்மி நோட் 5 ப்ரோ போன்றவற்றில் இன்னொரு பொறி, பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் அன்டி-ரோல்பக். கைவைக்க முன் 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் அன்டி' கொடுத்து எண்ணைப் பாருங்கள். ஏற்றப் போகும் மென்பொருளின் எண் அதைவிடக் குறைவென்றால் தொடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்விப்பவர்களுக்கு: 'சொஃப்ட்வெயார் அடிச்சுத் தாறம்' என்பது இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கும் பொதுவான சொல். பழைய மியூஐயையே திரும்பப் போடுவதும் அதுதான், லீனியேஜ் ஏற்றுவதும் அதுதான். எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி வரும் ஐஎம்இஐ (போனின் அடையாள) எண்கள் இரண்டையும் படமெடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது அதே எண்கள் நிற்க வேண்டும். கவனமில்லாமல், அந்த எண்கள் இருக்கும் ஈஎஃப்எஸ் பகுதி அழிக்கப்பட்டால் அந்த இடத்தில் பூச்சியம் நிற்கும், சிம் வேலை செய்யாது. அப்படி வந்தால் வேறு எண் போட்டுத் தருவதாகச் சொல்வதை ஏற்காதீர்கள். ஐஎம்இஐ என்று எழுதி இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவு என்ன என்று பதில் வரும். அந்தப் பதில் உங்கள் பெட்டியில் அச்சடித்த எண்ணுக்குரியதாகவே இருக்க வேண்டும்.