ஹோம்ஸ் யாருடைய சாயல்: பெல்லா, லிட்டில்ஜானா?

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்மாதிரி யார் என்றால் பலரும் ஜோசப் பெல் என்பார்கள். எடின்பரோவில், ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலுக்குப் பாடம் எடுத்த அறுவை மருத்துவர். ஒருமுறை, வந்த நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டே, அவர் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவிலிருந்து சமீபத்தில் விலகியவர், பார்படோஸில் இருந்தவர் என்று சொல்லிவிட்டார். எப்படி? நோயாளி மரியாதையானவர்தான், ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. அது ராணுவப் பழக்கம். வந்ததோ யானைக்கால் நோய்க்கு. அது பிரிட்டனில் கிடையாது, மேற்கிந்தியத் தீவுகளில் உண்டு. அப்படியே ஹோம்ஸ் பேசுவது போலில்லை? 1892இல் வந்த முதல் ஹோம்ஸ் சிறுகதைத் தொகுப்பை டாயில் இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

சரி, ஹென்றி லிட்டில்ஜான்? அதே ஊரின் போலீஸ் மருத்துவர். 1862 முதல் நகரச் சுகாதார அதிகாரியும் கூட. பிணத்தை ஆராய்வது, கோர்ட்டில் சாட்சி சொல்வது இதெல்லாம் இவருடைய அன்றாட வேலை. பெல்லிடம் நோயாளிகள் வந்தார்கள். இவரிடம் குற்றங்களே வந்தன.

என்னைக் கேட்டால், பேச்சும் பார்வையும் பெல்லுடையவை, தொழில் லிட்டில்ஜானுடையது. (பெல்லோ, ஹோம்ஸ் நீங்கள்தான் என்று டாயிலுக்கே எழுதிவிட்டார்!)

1893 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் ஆர்ட்லமண்ட் கொலை வழக்கில் பெல், லிட்டில்ஜான் இருவருமே அரசுத் தரப்பு சாட்சிகள். தீர்ப்பு, ‘நிரூபிக்கப்படவில்லை’. அதே மாதம்தான் பத்திரிகைக் கதையில் ஹோம்ஸ் சுவிட்சர்லாந்தின் ரைஹன்பாக் அருவியோடு காணாமல் போனார்.