அம்புலிமாமாவை வீட்டில் படிக்க எது தோது: பழைய பிரதியா, தட்டச்சு செய்த கதையா, ஸ்கேன் கோப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் இருபத்திரண்டு அம்புலிமாமா பிரதிகள் இருக்கின்றன. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் சேர்த்தவை. தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்து டவுனுக்கு வந்தபோது பாத்திரம் பண்டங்களில் சில விடுபட்டன, இவை விடுபடவில்லை. இப்போது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1 படிக்கும் என் மகனுக்கு அம்மா தினமும் சாயங்காலம் ஒரு கதை சொல்கிறார். இருபத்திரண்டு இதழும் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. 1947 ஜூலையில் தொடங்கி 2013 வரை வந்த சிறுவர் கதைப் பத்திரிகை அது. மிச்சத்தை எப்படிப் படிப்பது என்று தேடியதில் மூன்று வழிகளையும் ஒரு வருடமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம்.

பழைய பிரதிக்கு ஈடாக எதையும் சொல்ல மனம் வரவில்லை. அந்த அளவு, அந்த வண்ண அட்டை, மடியில் வைத்துப் புரட்டும் சுகம் வேறு. ஆனால் எங்கள் ஊர் ஈரக்காற்றில் தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிகிறது. பையன் புரட்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதோடு தொடர்கதை என்று வந்தால் கையில் இருக்கும் பிரதி பாதி வழியில் விட்டுவிடும். அந்தக் காலத்தில் இதழ்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஏதாவது ஒரு மாதம் கடைக்கு வராமல் போனால் போனதுதான். அப்படி ஒரு தொடரின் கடைசிப் பகுதியை அம்மா படித்ததே இல்லை. அந்த ராஜகுமாரன் குகைக்குள் போனவன் போனவன்தான், ஐம்பது வருடத்துக்கு மேலாக.

இரண்டாவது, யாராவது தட்டச்சு செய்து போட்ட கதைகளும், படித்துக் காட்டும் காணொளிகளும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கலாம், டேட்டா அதிகம் தின்னாது, பஸ்ஸில் போகும்போது படிக்கலாம். அவ்வளவுதான் அதற்கு என் பாராட்டு. படம் இல்லாத அம்புலிமாமா எனக்கு அம்புலிமாமாவாகத் தெரியவில்லை. உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் சங்கர், 2020இல் மறைந்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கதையே எனக்குள் தொடங்கும். இன்னொன்று, காணொளிக் குரல் நிற்காமல் ஓடுகிறது. வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் அம்மா இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லுய்யா, யார் மேல தப்பு?" என்று பேரனைக் கேட்பார். அவன் பதில் சொல்லி, இவர் மறுத்து, அரைமணி நேரம் போகும். அந்த அரைமணிதான் கதையில் பாதி.

மூன்றாவது, முழு இதழையும் அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்த கோப்பு. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய இதழ்கள் நிறையவே கிடைக்கின்றன. என் ஓட்டு இதற்குத்தான். விளம்பரம், புகைப்படப் போட்டி, விலை, ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய பெயர் எல்லாமே அப்படியே இருக்கும். அம்மாவுக்குக் கதையைவிடச் சில நாள் விளம்பரமே போதும். ஒரு பல்பொடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் இருட்டில் அந்த டப்பாவைத் தடவித் தேடிய கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். அந்த ராஜகுமாரனும் இங்கேதான் குகையை விட்டு வெளியே வந்தான். படித்து முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பழைய எழுத்து ஒரு சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல்தான் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய இதழ்களில் லை, னை எல்லாம் தும்பிக்கை போட்டுக்கொண்டு நிற்கும். பையன் முதலில் அங்கேயே முட்டி நின்றான். "இது என்ன ஆயா, யானையா?" என்றான். அம்மா விரலால் தொடைமேல் எழுதிக் காட்டினார். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. தட்டச்சுக் கதையை மட்டும் படித்திருந்தால் இந்த எழுத்தை அவன் கண்டிருக்கவே மாட்டான்.

ஸ்கேனின் உண்மையான குறை தேடல். பக்கமே ஒரு படம் என்பதால், "நரி" என்று தட்டினால் நரி வராது. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் படம் எழுத்தாக மாறும் என்பது உண்மைதான். பழைய தும்பிக்கை எழுத்தில் அது நிறையத் தடுமாறுகிறது. எனவே ஒரு பள்ளி நோட்டில் மாதம், கதைத் தலைப்பு, பக்கம் என்று நாங்களே எழுதி வருகிறோம். பையனின் கையெழுத்துக்கும் அது நல்லது.

கைப்பேசியில் ஸ்கேனைப் படிக்காதீர்கள். முழுப் பக்கம் தெரிந்தால் எழுத்து கடுகு; பெரிதாக்கினால் விரலால் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியில் மாட்டினோம். அம்மா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். கோப்புகளை இணையத்தில் விட்டுவைக்காமல் இறக்கிக்கொள்வதும் முக்கியம். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் இன்டர்நெட் ஆர்கைவ் பல நாள் முடங்கிக் கிடந்தது. பென்டிரைவில் இருந்ததால் எங்கள் சாயங்காலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத வாரியாகக் கோப்புக்குப் பெயர் வைத்துவிடுங்கள். 1964-05, 1964-06 என்று வைத்தால் தானாகவே வரிசையில் நிற்கும்.

அப்புறம், அலமாரிப் பிரதிகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். போன மாதம் ஒரு ஸ்கேனில் நடுவே இரண்டு பக்கம் இல்லை. மூலப் பிரதியிலேயே கிழிந்திருக்கும்போல. அதே மாத இதழ் அம்மாவின் இருபத்திரண்டில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பென்டிரைவில் அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவைத்திருக்கிறேன்.