கிருஷ்ணகிரி பகல்நேரப் பயிற்சி மையம்: மகளை அனுப்பிவரும் ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு. பதினெட்டு வயசு வரை சிறப்புப் பள்ளி இருந்தது. அதற்குப் பிறகு நம்ம பக்கம் பெரும்பாலான வீடுகளில் டிவிதான் கதி. காவேரிப்பட்டணத்தில் இருக்கிற நாங்கள், கிருஷ்ணகிரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பகல்நேர மையத்துக்கு அவளை அனுப்ப ஆரம்பித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. சேர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் அலமாரியைத்தான் காட்டுவார்கள்: மெழுகுவர்த்தி, பேப்பர் கவர், பினாயில். அதில் மயங்கிவிடாதீர்கள். என் மகள் மெழுகுவர்த்தி நன்றாகவே ஊற்றுவாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அதை வைத்து என்ன செய்வது? காவேரிப்பட்டணத்தில் யார் வாங்குவார்கள்?

டீ விஷயத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மையத்தில் கரண்ட் அடுப்பில் தனியாக டீ போடுகிறாள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் போடச் சொன்னால் கேஸ் அடுப்பு முன்னால் பாத்திரத்தோடு அப்படியே நிற்கிறாள். இவர்களுக்கு ஓரிடத்தில் படித்தது இன்னோரிடத்துக்குத் தானாக வந்துவிடாது. மையத்தில் சொன்னேன். பயிற்சி கொடுக்கும் மிஸ் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து, எங்கள் அடுப்பில், எங்கள் டம்ளரில் தண்ணி அளந்து சொல்லிக்கொடுத்தார். இப்போது சாயங்காலம் டீ அவள் கையால்தான். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பஸ்ஸும் அப்படித்தான் பழகியது. போர்டு படிக்க வராது. முன்னால் பிங்க் அடித்த வண்டி என்றால் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பது தெரியும்; ஆனால் பிங்க் வண்டி எல்லாமே காவேரிப்பட்டணம் போகாதே! அதனால் படிக்க வைக்காமல் கேட்கப் பழக்கினார்கள். ஏறும் முன் கண்டக்டரைப் பார்த்து, "அண்ணா, காவேரிப்பட்டணம் போகுமா?" அவ்வளவுதான். முதலில் மிஸ் பக்கத்து சீட்டில், அப்புறம் இரண்டு சீட் பின்னால், அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டியில். இதற்கே பல மாசம் ஆனது. என் மாமியார், "வயசுப் பொண்ண தனியா பஸ்ல அனுப்புறியே, உனக்கு என்ன கிறுக்கா?" என்று ஒரு பாடு திட்டினார். அவர் பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. போனில் எங்கள் போட்டோ வைத்துப் பதிந்திருக்கிறோம். படத்தைத் தொட்டால் அழைப்பு போகும். யாராவது தொட்டால் கத்த வேண்டும் என்பதையும் நடித்துக் காட்டித்தான் பழக்கினார்கள்.

பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்காக இதையும் சொல்கிறேன். மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்றுவதைப் படம் படமாக வரைந்து எங்கள் பாத்ரூம் சுவரில் ஒட்டினார்கள். கடைசிப் படம் கை கழுவுவது. இந்த ஒன்றுக்காகவே அந்த மிஸ்ஸுக்குக் கோயில் கட்டலாம்.

அந்த மிஸ் இப்போது இல்லை. சம்பளம் போதவில்லை என்று போய்விட்டார். ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான் இங்கே பெரிய குறை. புதிதாக வருகிறவர் முதலில் மெழுகுவர்த்தியில்தான் ஆரம்பிக்கிறார். வேன் ரிப்பேர் என்றால் வேனில் வருகிற பிள்ளைகளுக்கு அன்று லீவுதான். அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கம் இருப்பவர்களுக்குத் தினமும் வந்துபோவது நடக்கிற காரியமே இல்லை.

வேலை என்று பார்த்தால் கைகொடுத்தது புளி. சீசனில் பழையபேட்டை வியாபாரிகளிடமிருந்து எங்கள் தெருவுக்குப் புளி மூட்டை வரும். ஓடு உடைப்பது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்வது. என் மகள் ஓடு நீக்குவாள். கொட்டை தட்டும் வேலை இன்னும் கைவரவில்லை. கூலி எடைக்கு. அவள் பங்கு அவள் கையிலேயே வருகிறது.

ஒரு விஷயத்தை மையத்தில் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், பெற்றவர்கள் என்பதற்காக மட்டும் சட்டப்படி நாம் பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். எனக்கு இது பேங்க் கவுண்டரில் நின்றபோதுதான் தெரியவந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும்போது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பாதுகாவலர் நியமனத்துக்கான மனு, மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். பிள்ளையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

மையம் பார்க்கப் போகிறவர்கள் ஆண்டு விழா அன்று போகாதீர்கள். சாதாரண நாளில் பதினோரு மணிவாக்கில் போங்கள். சந்தைக்கு யார் போயிருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்டுக்கு யார் போயிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேளுங்கள். எல்லாரும் உள்ளேயே வரிசையாக உட்கார்ந்து மணி கோர்த்துக்கொண்டிருந்தால் வேறு இடம் தேடுங்கள்.