வாசலில் கேட்பதா, டிக்கெட் முகவரியைப் பார்ப்பதா?

அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானமான ஹஸ்கி ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 70,000 பேர் உட்காரலாம். 2016 முதல் பக்கத்திலேயே லைட் ரயில் நிலையம் இருக்கிறது. ஏரி வழியாகப் படகில் வருபவர்களும் உண்டு. இப்படியொரு கல்லூரி மைதானத்துக்கு ரசிகர்கள் எதில் வருகிறார்கள், எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று ஆராயும் இன்டர்ன்ஷிப் கிடைத்தால், முதல் குழப்பம் தகவலை எப்படித் திரட்டுவது என்பதுதான். மைதான வாசலில் நின்று ரசிகர்களிடமே கேட்கலாம்; இல்லாவிட்டால் டிக்கெட் வாங்கியவர்களின் முகவரியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம்.

செலவு
வாசல்: நாலைந்து பேர், ஆட்ட நாள் முழுக்க.
முகவரி: ஒரு லேப்டாப் போதும். அனுமதி வாங்கத்தான் நாளாகும்.

துல்லியம்
முகவரி: தூரம் தெரியும். காரா ரயிலா, ஒரு காரில் எத்தனை பேர் என்பது தெரியாது. இது பெரிய ஓட்டை. ஒரே தூரத்துக்கு, காரில் தனியாக வருபவரின் தலைக்கு விழும் கார்பன், நால்வராக வருபவர்களுடையதைப்போல நான்கு மடங்கு. டிக்கெட் கைமாறியிருந்தால் தூரமும் தப்பு.
வாசல்: கேட்டால் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்; தோற்ற அணியின் ரசிகர் நின்று பதில் சொல்ல மாட்டார்.

பார்க்கிங், ஷட்டில் பஸ் பற்றி யோசனை சொல்ல வேண்டுமா? வாசல்தான். சீசனின் மொத்தத் தூரம் மட்டும் போதுமென்றால் முகவரி. அப்புறம், இன்டர்ன்ஷிப் கோடையில் விழுந்தால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமே இருக்காது, அப்போதும் முகவரிதான்.