‘லைஃப்டைம் வாரண்டி’ கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் கிராபிக்ஸ் கார்டு (கணினித் திரையில் படங்களையும் வீடியோவையும் காட்ட உதவும் பாகம்) வாங்கப் போகிறவர்கள், பெட்டியின் மேல் ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். கேட்ட ரசீதும் செய்யச் சொன்ன பதிவும் என் கையில் இருந்தும், அந்த நிறுவனம் என்னை அலையவிட்ட கதையைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார்டு இருக்குமானால், அது கெட்டுப்போவதற்கு முன்பே இதைப் படித்துவிடுவது நல்லது.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவின் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்காகத்தான் 8 ஜி.பி. நினைவகம் கொண்ட கார்டு வாங்கினேன். கடையில் ஒரே சிப் பொருத்திய இரண்டு கார்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றுக்கு மூன்று ஆண்டு வாரண்டி. மற்றொன்று விலை அதிகம், ஆனால் லைஃப்டைம் வாரண்டி. “இதை எடுத்துக்கொள்ளுங்கள், இனி இந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்” என்றார் விற்பனையாளர். வாங்கிய அன்று மாலையே நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைப் பதிவு செய்து, உறுதி மின்னஞ்சலையும் பெற்றுக்கொண்டேன். ரசீதைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

சில ஆண்டுகள் நன்றாக உழைத்த கார்டு, ஒரு நாள் திரை முழுக்கப் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களைக் காட்டத் தொடங்கியது. அடுத்து நெடுக்குக் கோடுகள் வந்தன. பிறகு வீடியோவை ஏற்றுமதி செய்யத் தொடங்கினாலே கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. நண்பரின் கணினியில் பொருத்திப் பார்த்தோம், அங்கேயும் அதே கட்டங்கள், அதே கோடுகள். கோளாறு கார்டில்தான் என்பது உறுதியாயிற்று. இந்தக் கார்டுகளுக்கு இது அரிதான நோய் அல்ல. சிப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ஈயப்பற்றுகள், சூடேறுவதும் ஆறுவதுமாக ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கி விரிசல் விடும். அல்லது நினைவகச் சிப்புகளில் ஒன்று சாகும். இப்படிப்பட்ட கோளாறுக்குத்தானே வாரண்டி என்று ஒன்று இருக்கிறது?

முறைப்படி விண்ணப்பித்து, திருப்பி அனுப்புவதற்கான எண்ணை வாங்கினேன். அனுப்பும் செலவு என்னுடையது. காப்பீட்டோடு கூரியரில் போட்டேன். போடுவதற்கு முன், நண்பர் சொன்னபடி, கார்டின் இரு புறங்களையும், பலகையில் செருகும் தங்க நிறப் பற்களையும் நல்ல வெளிச்சத்தில் அருகில் வைத்துப் படமெடுத்தேன். அந்தப் படங்கள் இல்லையென்றால் என் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

ஏனென்றால், அவர்களிடமிருந்து வந்த முதல் பதிலில் ஒரு படம் இருந்தது. தங்கப் பற்களுக்கு மேலே, பச்சைப் பலகையில் வெள்ளையாக ஒரு கீறல். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘பயனரால் ஏற்பட்ட சேதம், வாரண்டி செல்லாது’ என்று ஒரே வரி. அதே இடத்தை அதே கோணத்தில் நான் எடுத்திருந்த படத்தில் கீறல் இல்லை. படம் எடுத்த தேதியோடு அதை அனுப்பினேன். அடுத்து வந்த மின்னஞ்சலில் கீறலைப் பற்றி ஒரு சொல் இல்லை, மன்னிப்பும் இல்லை. புதிய காரணம் ஒன்று வந்திருந்தது: இந்த மாடலின் ஆயுட்காலம் முடிந்துவிட்டது, ஆகவே லைஃப்டைம் வாரண்டியும் முடிந்துவிட்டது. நல்லெண்ண அடிப்படையில், புதுப்பிக்கப்பட்ட 4 ஜி.பி. கார்டு ஒன்று தருகிறார்களாம். அதற்கு 90 நாள் வாரண்டி. வேண்டாமென்றால் அவர்கள் தளத்தில் புதிதாக வாங்கத் தள்ளுபடிச் சீட்டு.

தொலைபேசியில் அழைத்தேன். “கார்டை வாங்கிய நான் இருக்கிறேன், கார்டும் இருக்கிறது. யாருடைய ஆயுள் முடிந்தது?” என்று கேட்டேன்.

“பொருளின் ஆயுள், ஐயா. தயாரிப்பை நிறுத்திய மாடல் அது.”

“எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள்?”

“அது எங்கள் உள் விவரம். வெளியே சொல்ல இயலாது.”

முடியும் தேதியை வாங்கியவருக்குச் சொல்லாமல் விற்பவர் மட்டும் வைத்துக்கொள்ளும் வாரண்டியை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. கிராபிக்ஸ் கார்டுத் தொழிலில் ஒரு மாடல் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அதற்குள் அடுத்த தலைமுறைச் சிப் வந்துவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால், பக்கத்தில் இருந்த மூன்று ஆண்டு வாரண்டிக் கார்டே மேல். அதற்காவது முடிவுத் தேதி ரசீதைப் பார்த்தால் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விளம்பர வழிகாட்டு நெறிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விளம்பரத்தில் ‘லைஃப்டைம்’ என்று போட்டால், எதனுடைய ஆயுள் என்பதை வாங்குபவர் கவனித்துப் புரிந்துகொள்ளும்படி தெளிவாகச் சொல்ல வேண்டும். என் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருந்த துண்டுத்தாளில் ‘விதிமுறைகளுக்கு எங்கள் தளத்தைப் பார்க்கவும்’ என்று மட்டும் இருந்தது. தளத்தில் இருப்பதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். மாற்றியும் இருந்தார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் நான் கார்டு வாங்கிய காலத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ‘தயாரிப்பில் இருக்கும் வரை’ என்ற விளக்கம் அதில் இல்லவே இல்லை.

பெட்டியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. ‘லைஃப்டைம்’ என்பது பெரிய எழுத்தில், அதற்கு முன்னால் ‘லிமிடெட்’ என்பது சிறிய எழுத்தில். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, முழு வாரண்டி என்று அறிவித்த நிறுவனம் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நியாயமான முயற்சிக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மாற்றுப் பொருளோ பணமோ தர வேண்டும். பொருள் கைமாறினாலும் வாரண்டிக் காலம் முழுவதும் அது செல்லும். ‘லிமிடெட்’ என்று போட்டுவிட்டால் இவற்றில் பலவற்றிலிருந்து தப்பலாம். அனுப்பும் செலவை நம் தலையில் கட்டுவது, முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்பது, பழுதுபார்த்த பழைய கார்டை மாற்றாகத் தருவது எல்லாம் இந்தச் சிறிய எழுத்தின் வழியாகத்தான் வருகின்றன.

இந்த வாரண்டிகளின் பழைய வரலாறும் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான இவிஜிஏ ஒரு காலத்தில் லைஃப்டைம் வாரண்டி கொடுத்தது; ஆனால் எல்லாக் கார்டுக்கும் அல்ல. பாகம் எண் குறிப்பிட்ட எழுத்துகளில் முடிய வேண்டும், வாங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பிறகு அதைக் கைவிட்டு ஆண்டுக் கணக்குக்கு மாறியது. எக்ஸ்எஃப்எக்ஸ் என்ற மற்றொரு நிறுவனம் ‘இரட்டை ஆயுள்’ வாரண்டி என்று விளம்பரம் செய்தது. அதன் பொருள், முதலில் வாங்கியவருக்கும் அவரிடமிருந்து வாங்கிய இரண்டாமவருக்கும் செல்லும் என்பது. மூன்றாவது கைக்கு ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட வேதனையானது பிஎஃப்ஜி டெக்னாலஜீஸ் வாடிக்கையாளர்களின் கதை. வட அமெரிக்காவில் லைஃப்டைம் வாரண்டியைச் சொல்லியே பெயர் வாங்கிய நிறுவனம் அது. 2010 மே மாதம் கிராபிக்ஸ் கார்டுத் தொழிலை விட்டு விலகியது. சில மாதங்களில் நிறுவனத்தையே மூடும் நிலைக்குப் போனது. வாரண்டி கேட்டு அனுப்பப்பட்ட கார்டுகள், தொழிலைக் கலைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கடிதத்தோடு பழுதுபார்க்கப்படாமலேயே திரும்பி வந்தன. நிறுவனமே இல்லாதபோது யாரிடம் போய் வாரண்டி கேட்பது? இவிஜிஏவும் 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுத் தொழிலிலிருந்து விலகியது. விற்ற கார்டுகளின் வாரண்டியைக் காப்பாற்றுவோம் என்று அறிவித்து, அதற்காக இருப்பு வைத்துக்கொள்வதாகவும் சொன்னது. சொல்லிவிட்டுப் போகிற நிறுவனத்துக்கும் கதவைச் சாத்திவிட்டுப் போகிற நிறுவனத்துக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் கடையில் பெட்டியைக் கையில் எடுக்கும்போது எது எந்த வகை என்று நமக்குத் தெரியாது.

திருகாணியின் மேல் ஒட்டியிருக்கும் ‘கிழிந்தால் வாரண்டி செல்லாது’ ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிப்புக்கும் வெப்பத்தை இழுக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவியிருக்கும் பசை சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். மாற்றினால் சூடு குறையும், கார்டு நீண்ட நாள் உழைக்கும். அந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பயந்து பலர் தொடுவதே இல்லை. இப்படிப்பட்ட வாசகங்கள் சட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடும் என்று மத்திய வர்த்தக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2024 ஜூலையில் அனுப்பிய கடிதங்கள் ஏஸ்ராக், ஜிகாபைட், ஸோடாக் ஆகிய கணினி உதிரிபாக நிறுவனங்களுக்கும் போயின. ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது என்ற ஒன்றை மட்டும் காட்டி மறுத்தால் விட்டுவிடாதீர்கள். கழற்றும்போது நீங்களே எதையாவது உடைத்தால் அது வேறு விஷயம்.

பதிவு செய்யத் தவறியவர்களுக்கும் ஒரு செய்தி. கலிபோர்னியாவின் சாங்–பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டப்படி, பதிவு அட்டையை நிரப்பி அனுப்பாததால் வாரண்டி உரிமை குறையாது என்பதை நிறுவனமே அந்த அட்டையில் குறிப்பிட வேண்டும். அந்த மாநிலத்தில் வாங்கியவர்கள் ‘30 நாள் தாண்டிவிட்டது’ என்ற பதிலைக் கேட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

கிரெடிட் கார்டில் வாங்கினால் கூடுதலாக ஓராண்டு வாரண்டி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அந்த விதிமுறையையும் படியுங்கள். மூன்று ஆண்டோ அதற்குக் குறைவோ வாரண்டி உள்ள பொருளுக்கு மட்டும்தான் நீட்டிப்பு என்று பல வங்கிகள் வைத்திருக்கின்றன. பெட்டியில் ‘லைஃப்டைம்’ என்று இருந்தாலே அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

ஊருக்குப் போகும்போது கார்டு வாங்கிப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். என் அக்கா மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். நான் இதையெல்லாம் சொன்னபோது, “மாமா, லைஃப்டைம் என்று போட்டதை வாங்கி வந்தால் இங்கே சர்வீஸ் சென்டரில் மாற்றித் தர மாட்டார்களா?” என்று கேட்டான். மாட்டார்கள். வட அமெரிக்காவில் லைஃப்டைம் வாரண்டி தந்த சில நிறுவனங்கள் மற்ற நாடுகளில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும்தான் தந்தன. வரிசை எண்ணைப் பார்த்தாலே எந்த நாட்டுக்கு விற்ற சரக்கு என்று தெரிந்துவிடும். அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினால் கூரியர், சுங்கம் என்று கார்டின் விலையில் பாதி ஆகிவிடும். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் வாங்கிப் போங்கள். வாரண்டியே இல்லாத பொருள் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். இந்தியாவிலேயே ரசீதோடு வாங்கிய கார்டுக்கு வாரண்டி மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

என் விவகாரத்தில், பழைய பக்கத்தின் நகல், ரசீது, பதிவு மின்னஞ்சல், கீறல் இல்லாத படம் எல்லாவற்றையும் சேர்த்து மாநில நுகர்வோர் விவகாரத் துறையில் புகார் கொடுத்தேன். அதன் பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்து 8 ஜி.பி. கார்டு ஒன்றை அனுப்பியது. அதுவும் பழுதுபார்த்ததுதான், அதற்கும் 90 நாள்தான். அதற்கு மேல் தர முடியாது என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நியூ ஜெர்சியின் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். அதற்கான மனுவை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

லைஃப்டைம் வாரண்டிக் கார்டு வைத்திருப்பவர்கள் இன்றே நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தைத் திறந்து, தேதி தெரியும்படி பி.டி.எஃப் ஆகச் சேமியுங்கள். பெட்டியை எடைக்குப் போடாதீர்கள், ‘லைஃப்டைம்’ என்று அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். கடை ரசீதின் எழுத்துகள் ஓரிரு ஆண்டில் வெளுத்துவிடும், அதற்கும் ஒரு நகல் வேண்டும். கார்டைக் கூரியரில் போடும் நாளில் பற்கள், மின்விசிறி, வரிசை எண், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் படமெடுத்த பிறகே பெட்டியை ஒட்டுங்கள்.