பெரிய எழுத்து வேதாகமம்: குடும்ப ஜெபத்திற்கு வாங்கலாமா?

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், அம்மாவுக்காகப் பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் ஒன்றை வாங்கினேன். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் அப்பா விட்டுச்சென்ற வேதாகமத்தின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் குடும்ப ஜெபத்தில் நாங்கள் வசனங்களை முறைவைத்து வாசிக்கும்போது அம்மா கைகூப்பிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நாள்தோறும் பல மாதங்கள் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

எழுத்து தெளிவாகவும் கறுப்பு அழுத்தமாகவும் இருக்கிறது. வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி உள்ளதால் விரல் வைத்து வாசிக்கிறவர்களுக்கு வரி தவறுவதில்லை. ஆனால் இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சிட்டிருப்பது டியூப் லைட் வெளிச்சத்தில் அம்மாவுக்குச் சிரமமாகவே இருக்கிறது. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து சற்றுத் தெரிகிறது. மடியில் வைத்து வாசிக்க முடியாத கனம் என்பதால் மரப்பலகைத் தாங்கி ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது.

இதில் உள்ளது ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பாடம், அதாவது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிற பழைய தமிழ். பிள்ளைகளுக்கு இது கடினம்தான். ஆயினும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்திற்கு அந்தப் பழைய தமிழின் ஒரு சொல்லே காரணமாயிற்று.

தம்பிக்குக் கடை வைக்க 1,80,000 ரூபாய் கொடுத்திருந்தேன். அதற்காக என் மனைவியின் நகைகளை அடகு வைத்தோம். கடை நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. மூன்று ஆண்டுகள் தம்பியும் நானும் பேசவில்லை. ஒரே ஆலயத்தில் ஒரே திருவிருந்துப் பந்தியில் பங்குபெற்றுவிட்டு, வாசலில் ஒருவரையொருவர் பார்க்காமல் பிரிந்து போனோம். அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

புதிய வேதாகமம் வந்ததும் மத்தேயு சுவிசேஷத்திலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரமாகத் தொடங்கினோம். ஆறாம் நாள் அம்மாவின் முறை வந்தபோது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வசனத்தை அவர் சொல் சொல்லாக விரலை நகர்த்தி வாசித்தார். இயேசு கற்றுக்கொடுத்த இந்த ஜெபத்தை ஆராதனையில் சொல்லும்போது நான் சிறுவயது முதல் பழகியது 'குற்றங்கள்' என்ற சொல். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே உள்ளது. கிரேக்க மூலத்தில் மத்தேயு எழுதிய சொல்லின் நேர்ப்பொருள் கடன் என்பதே. குற்றம் என்று சொல்லும்போது அது யாரோ எப்போதோ செய்ததாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கடன் என்று அம்மாவின் குரலில் கேட்டபோது அதற்கு ஒரு தொகையும் ஒரு முகமும் இருந்தன.

பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் ஓர் உவமையில், ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒருவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் ராஜா தள்ளுபடி செய்தது ஆறு கோடி நாள் கூலி. பிரசங்கங்களில் நூறு வெள்ளிப்பணத்தை அற்பத்தொகை என்று சொல்லிவிடுகிறார்கள். நூறு நாள் உழைப்பு அற்பமானதன்று, இழந்தவனுக்கு அது வலிக்கவே செய்யும். என் வலி பொய்யென்று அந்த உவமை சொல்லவில்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த அதிகாரத்தை வாசித்த இரவே தம்பியை அழைக்க எண்ணினேன். ஆனால் நகை மனைவியுடையது. அவள் இழந்ததை நான் பெருந்தன்மையாக மன்னித்துவிட முடியாது என்று உணர்ந்து, முதலில் அவளிடம் கேட்டேன். அவள் இரண்டு வாரங்கள் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் சமையலறையில், "கொழுந்தனாரைப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள், பணத்தைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது" என்றாள். அவன் வந்தான். சாப்பாட்டுக்குப் பின், "அண்ணி, நகையை மீட்டுத் தருவேன்" என்று தலை குனிந்தபடி சொன்னான். இப்போது மாதம் 3,000 ரூபாய் அவளிடம் கொடுக்கிறான்; தவறிய மாதங்களில் அவள் கேட்பதில்லை.

ஆகவே, இதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தனியாகத் தியானிக்கவும் ஆலயத்திற்கு எடுத்துச் செல்லவும் இது ஏற்றதன்று, அதற்குச் சிறிய பதிப்பு போதும். வீட்டில் முதியவர்கள் இருந்து, மாலை ஜெபத்தில் அவர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்பினால் தயங்காமல் வாங்குங்கள். வாங்கும் முன் அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று, சிவப்பு எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் முழுவதும் கறுப்பில் அச்சிட்ட பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.